உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை

“ஏம்மா, என் மவன் படத்துக்கு மால போட்டு வச்சிருக்கீங்களாமே?”

பண்டார் தெங்காராவிலிருந்து ஃபோன் செய்த மாமியார் முதலில் கேட்டது இதைத்தான். நல்லா இருக்கியா இல்லை, சாப்பிட்டியா இல்லை. ஜோகூர் பாருவில் எங்கள் அலுவலகத்துக்கு ஏறும் படிக்கட்டில், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன மாலை, எந்தப் படம் என்று ஒன்றும் விளங்கவில்லை. அவர் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், எனக்கு அது சுலபமாக வரும். ஆனால் அவர் குரல் நடுங்கியது.

நாங்கள் செய்த கணினி விளையாட்டை என் நாத்தனார் கடைசிவரை விளையாடிப் பார்த்திருக்கிறாள். முடிவுக் காட்சியில் எதையோ கண்டு, சமையலறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். விளையாட்டில் வரும் வீட்டின் கூடத்துச் சுவரில் என் கணவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். சட்டத்தைச் சுற்றி மாலை. கீழே ஒரு விளக்கு.

“அத்த, அப்படியெல்லாம் இருக்காது. எதையோ தப்பாப் பாத்திருப்பாங்க. நான் பாத்துட்டுக் கூப்புடுறேன்.”

“என் கண்ணால பாத்தேன்மா. அவன் இப்ப எங்க இருக்கான்? வேலைக்குப் போயிட்டானா?”

போய்விட்டார். விடிவதற்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார், எப்போதும்போல. அதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். படியேறி ஓடி, என் மேசைக் கணினியில் கடைசிக் காட்சியைத் திறந்தேன். கூடத்தில் நின்று பார்த்தால் தெரியவில்லை. சமையலறைத் திரைச்சீலைப் பக்கம் நடந்து திரும்பியபோது தெரிந்தது. ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய, அழகாக வரைந்த மாலை. அந்த அழகுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதையை எழுதியவள் நான். மாசாய் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரு மனைவி. புருஷன் தினமும் பைக்கில் கோஸ்வே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். விளையாடுபவர்தான் அந்த மனைவி. சமைக்கலாம், துணி காயப்போடலாம், பக்கத்து வீட்டோடு பேசலாம், ஆனால் சாயங்காலம் ஆனதும் ஒரே வேலைதான்: இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் அவன் அனுப்பும் ‘வந்துட்டேன்’ என்ற செய்திக்குக் காத்திருப்பது. ஒவ்வொரு நாளும் அது வரும். கடைசி நாள் மழை. செய்தி வராது. தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்கும், நிற்காமல் போகும். திரை இருண்டுவிடும். அவ்வளவுதான் முடிவு.

இதை நான் எங்கிருந்தும் இரவல் வாங்கவில்லை. என் வீடுதான் அது. எங்கள் தாமானில் பாதி வீடுகள் அதுதான்.

வெளியிட்டதும் திட்டித் தீர்த்தார்கள். அவன் செத்தானா இருக்கிறானா, அதைச் சொல்லத் துப்பில்லாமல் எதற்குக் கதை என்று கேட்டார்கள். முடிவை மாற்று என்று ஒரு கூட்டம், மாற்ற வேண்டாம் விளக்கமாவது கொடு என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டுக்கும் மசியவில்லை. மாற்றினால் ஏற்கெனவே விளையாடியவர்களின் நெஞ்சில் பதிந்ததை யார் அழிப்பது? விளக்கம் கொடுத்தால், கதையில் சொல்லத் தெரியாததைப் பின்னால் ஓடிவந்து காதில் ஓதுகிற மாதிரி. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் பயம், தெரிந்துவிட்டால் அது வேறு ஏதோ என்று அலுவலகத்தில் பெரிய பிரசங்கமே செய்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்தப் பிரசங்கத்துக்கு ஆயுள் குறைவு. மாமியார் ஃபோன் செய்த அன்றே இணையத்தில் மற்றவர்களும் மாலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் கிள்ளானிலிருந்தோ எங்கிருந்தோ ஒரு தமிழர் படம் எடுத்துப் போட்டு, மாலை என்றால் நம் வீடுகளில் என்ன என்று மற்ற இனத்தாருக்கு விளக்கியிருந்தார். அதற்குப் பிறகு பேச்சே திசை மாறிவிட்டது. அவன் ஆரம்பத்திலிருந்தே இல்லை, செத்துப்போனவனுக்காகத்தான் அவள் தினமும் சமைக்கிறாள், வரும் செய்திகள் எல்லாம் இறந்தவன் அனுப்பியவை என்று எழுதினார்கள். நேற்றுவரை திட்டியவர்கள் அபாரம் என்றார்கள். எழுதியவள் எவ்வளவு துணிச்சல்காரி பாருங்கள் என்றார்கள். பாதியிலேயே பக்கத்தை மூடினேன்.

மாலையைப் போட்டது எங்கள் ஓவியர். சீனர், என்னைவிட இளையவர், நல்ல நண்பர். வீட்டுக் காட்சிக்குப் புருஷன் படம் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டபோது, என் கணவரின் பழைய புகைப்படத்தைக் கொடுத்தது நான்தான். பைக்கும் அவருடையதே, நிறமும் கண்ணாடியில் இருந்த விரிசலும் உட்பட. அதையெல்லாம் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். கூப்பிட்டுக் கேட்டபோது அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து வெள்ளந்தியாகச் சொன்னார்: எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்தாராம். மாப்பிள்ளை கழுத்தில் மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. கடைசிக் காட்சியில் மனைவிக்குப் புருஷன்மேல் எவ்வளவு ஆசை என்று காட்ட நினைத்திருக்கிறார். கல்யாணப் படம் கையில் இல்லாததால், இருந்த படத்தைச் சுற்றி மாலையை வரைந்து, விளக்கையும் வைத்துவிட்டார். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக, சொல்லாமல்.

அதன் அர்த்தத்தை நான் சொன்னதும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் வீட்டுச் சாமி மேசையில் அவருடைய அப்பா படம் இருக்கிறது. அவருக்கு நான் மேலே எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனை பேர் இருந்தும் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்பார்கள். எங்கள் முதலாளி தமிழ் முஸ்லிம், சாப்பாட்டுக் கடைக் குடும்பம். அவர் வீட்டில் படமே மாட்டமாட்டார்கள், மாலை அவர் கண்ணில் படவே இல்லை. நானோ கடைசிக் காட்சியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேனோ, ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கமே நின்றேன். நான் எழுதியது மழையும் ஜன்னலும்தான். திரைச்சீலைப் பக்கம் போக எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் போனேன். அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எடுக்கிறதா? நல்லா இருக்கே. இவ்ளோ நாள் திட்டினவங்கள்லாம் இப்பதான் புகழ்றாங்க. ‘ஆமா, வேணும்னுதான் வச்சோம்’னு ஒரு பத்தி எழுதிப் போடுங்க, போதும் லா.”

“வேணும்னு வைக்கல பாஸ். அது என் வீட்டுக்காரர்.”

“வெளையாடுறவங்களுக்கு அது தெரியாதே.”

“எனக்குத் தெரியுதே.”

“நீங்கதானே சொன்னீங்க, முடிவத் தொடக்கூடாதுன்னு? இன்னிக்கு உங்க மாமியார் சொன்னா மாத்துவீங்க, நாளைக்கு இன்னொருத்தர் மாமியார் சொன்னா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. மற்றவர்களின் பயத்துக்கு நான் முடிவை மாற்றமாட்டேன் என்று சொன்னவள்தானே. இப்போது பயம் என்னுடையது என்றதும் ஓடிவந்து நிற்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்து, அவர் கேட்ட விளக்கத்தை எழுத உட்கார்ந்தேன். ‘அவன் இறந்துவிட்டான்’ என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் நகரவில்லை. அந்த இரண்டு சொல்லையும் என் கையால் எழுதினால் ஏதாவது நடந்துவிடும் என்று நம்பினேன். படித்தவள்தான் நான். பூனை குறுக்கே போனால் சிரிப்பவள்தான். ஆனாலும் நம்பினேன், இதில் வெட்கப்பட எனக்கு நேரமில்லை.

அன்று கணவர் நேரத்துக்கு வந்துவிட்டார். அவருடைய அம்மா ஏற்கெனவே அவரைக் கூப்பிட்டு அழுதிருந்தார். அவர் சிரித்தார். “அலமாக், மால போட்டா என்ன, அழகாத்தானே இருக்கேன்?” என்று கண்ணாடியில் தலை வாரினார். வாயைக் கழுவுங்கள் என்று கத்தினேன். கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் வேலை ஒன்றும் செய்யவில்லை, பயப்பட்டேன், அவ்வளவுதான். அலுவலகக் கணினியில் ஒரு மூலையில் மழை வருமா என்று பார்ப்பேன். இன்னொரு மூலையில் கோஸ்வே நெரிசல். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ரசாயனம் ஏற்றிய டாங்கி லாரிகள் பைக்குகளை ஒட்டிப் போவது எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அவர் பின்னால் உட்கார்ந்து போனவள்தான். இவ்வளவு காலமும் அந்தச் சாலையில்தான் போய்வந்தார். ஆனால் இப்போது எங்கோ யார் யார் வீட்டுத் திரைகளிலோ அவர் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான் சோறு வடிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் அந்தத் திரைச்சீலைப் பக்கம் திரும்பி, அவரை மறுபடி ஒருமுறை சாகடித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஒரு சாயங்காலம் அவருடைய செய்தி வரவில்லை.

மழையும் பிடித்துக்கொண்டது. முதலில் நெரிசல் என்று நினைத்தேன். பிறகு ஃபோனில் சார்ஜ் இல்லை என்று நினைத்தேன். கூப்பிட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. சார்ஜ் இருக்கிறது, ஆனால் எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை, வேறு யாராவது எடுத்துப் பேசிவிட்டால் என்ன செய்வது? மாமியாரைக் கூப்பிடலாமா என்று யோசித்து, அவர் குரலைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று விட்டுவிட்டேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஜன்னல் பக்கம் மட்டும் போகவில்லை. தெருவில் ஒரு பைக் வந்தது. நிற்காமல் போனது. அப்போது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. இந்தக் காட்சியை எழுதிய கையை முறித்துப் போடலாம் போலிருந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு குடையில்லாமல் தெருமுனைவரை ஓடினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஒருவர் தொப்பலாக நனைந்து, தலைக்கவசத்தைக் கையில் தொங்கவிட்டபடி நடந்துவந்தார். அவர்தான். பைக் இல்லை. நடுத்தெருவில் நின்று அவர் நெஞ்சில் குத்தினேன். நன்றாகவே குத்தினேன்.

“பைக் எங்க? விழுந்துட்டீங்களா? அடி பட்டுச்சா?”

“இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கயே வுட்டுட்டு பஸ்ல வந்தேன்.”

“மெசேஜ் போட்டா என்ன? ஃபோன் எடுத்தா என்ன?”

வீட்டுக்குள் வந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவன் ஒருவன் ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டி, இது நீதானே என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சுற்றி நின்று சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை, நாங்கள் சொல்லித்தான் தெரியும். வேலை முடிந்து பைக் பக்கம் போனால், கண்ணாடியில் அதே விரிசல்.

“சாவியப் போட்டேன். ஸ்டார்ட் பண்ண முடியல. பண்ண முடியலன்னா, பைக்குக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் முடியல.”

“மெசேஜ்?”

“டைப் பண்ணேன். ‘வந்துட்டேன்’னு. கேம்ல வர்ற மாதிரியே இருந்துச்சு. செத்தவன் அனுப்பறதுன்னு வேற சொன்னானுங்க. அனுப்ப கை வரல. நீ கூப்புட்டப்பவும் என்ன பேசறதுன்னு தெரியல.” துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்லாத” என்றார்.

கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிய மனிதர் இப்படி உட்கார்ந்திருந்தது என்னால் தாங்க முடியவில்லை. அவர் பயப்படாமல் இருந்தவரைக்கும், பயம் என்னுடைய பைத்தியக்காரத்தனம் என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சலுகையும் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் பேசவே தேவையிருக்கவில்லை. மாலையையும் விளக்கையும் படத்தையும் ஓவியர் தானாகவே அழித்து, திருத்திய காட்சியைத் தயாராக வைத்திருந்தார். வேலையைவிட்டு அனுப்பினாலும் பரவாயில்லை, என்னால் தூங்க முடியவில்லை என்று முதலாளியிடமே சொல்லிவிட்டார். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, எடுங்க. ஆனா ஏன் எடுத்தோம்னு கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் எழுதணும்.”

வார இறுதியில் ஓவியர் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். கணவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, திரும்பக் கொண்டுவந்திருந்த பைக்கின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டினார், அவர்கள் புது வண்டிக்குக் கட்டுவதுபோல. மாமியார் அதற்கு முன்பே வந்து இறங்கியிருந்தார். மிளகாயும் உப்பும் எடுத்து மகனைச் சுற்றி நெருப்பில் போட்டார். நெடி வரவில்லை, அவ்வளவு கண்ணு பட்டிருக்கு என்றார். ஓவியர்மேல் கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவரையும் நிற்கவைத்துச் சுற்றிப்போட்டார். நானும் போய் வரிசையில் நின்றேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மாமியார் கேட்டார்: “இப்ப அந்தக் கதையில அவன் வீட்டுக்கு வந்துடறானா?”

“அது தெரியாது அத்த. கத அதோட முடிஞ்சிடுது.”

“நீதானே எழுதுன? வர வையேன்.”

வரவைத்திருக்கலாம். ஒரு பைக் சத்தம், கேட் திறக்கும் சத்தம், அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைச் செய்தால் நான் யாருக்கு எதை மாற்றிக் கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊரில் எந்த வீட்டில் நாளைக்குக் கேட் திறக்குமோ திறக்காதோ, நான் எப்படி உறுதி சொல்வது? முடிவை அப்படியே விட்டேன். மாமியாருக்குச் சோறு போட்டேன்.

விளக்கத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னது அது. சுவரில் இருந்த படம் என் கணவருடையது. அவர் உயிரோடு இருக்கிறார். தினமும் கோஸ்வே கடந்து வேலைக்குப் போகிறார். மாலை நாங்கள் அறியாமல் செய்த தவறு, படத்தோடு எடுத்துவிட்டோம், வேறு எதையும் மாற்றவில்லை. இவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் அவர் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், சோப்பு வாசனை வந்தது. எனக்கு அழுகையாக வந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இன்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.’

நினைத்தபடியே பாதிப் பேர் கோழை என்றார்கள். கூச்சலுக்குப் பயந்து செத்தவனுக்கு உயிர் கொடுத்துவிட்டாளாம். சிலர் பழைய பதிப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதுதான் உண்மையான கதை என்று புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் மாலை இன்னும் தொங்குகிறது. அதை எடுக்க என்னால் முடியாது என்று தெரிந்த அன்று மறுபடி கொஞ்சம் அழுதேன்.

ஆனால் மறுநாளே யாரோ ஒருவர், பெயரும் ஊரும் தெரியாதவர், என் விளக்கத்தின் கீழே கேட்டிருந்தார்: இன்று வந்துவிட்டாரா? கிண்டலோ அக்கறையோ தெரியவில்லை. வந்துவிட்டார் என்று பதில் போட்டேன். அடுத்த நாள் வேறொருவர் கேட்டார். அதற்கும் போட்டேன். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. எங்கெங்கோ இருந்து கேட்கிறார்கள். மழை பெய்தால் பினாங்கிலிருந்து ஒருவர், ஜோகூரில் மழையாமே, வந்துட்டாரா என்கிறார். நான் பதில் போடும்வரை சிலர் தூங்குவதில்லையாம். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். கணவர் மறுபடி பைக்கில்தான் போகிறார், தனக்கு இப்போது ரசிகர் கூட்டம் இருக்கிறது என்று கூட வேலை செய்பவர்களிடம் பீற்றிக்கொள்கிறார்.

நான் மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது இது. கதையில் பதில் சொல்ல மறுத்த கேள்விக்கு இப்போது தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பு நான் ஒருத்தி மட்டும் காத்திருந்தேன். இப்போது என்னோடு சேர்ந்து முகம் தெரியாத அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள், அது எனக்குத் துணையாக இல்லை. ஒருநாள் நான் பதில் போடாவிட்டால் அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

இன்றும் கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக அவர் செய்தி அனுப்பும் நேரம் தாண்டிவிட்டது. நெரிசலாக இருக்கலாம். நான் இன்னும் பதில் எழுதவில்லை.